ஒப்புக்கொடுத்த வலி

குந்தக்கல், ரயில்வே குடியிருப்பு
7 அக்டோபர் 2001

ஃப்ளோரன்ஸ் அக்காவுக்கு,

நலமா என்று கேட்கப் போவதில்லை. நீ நலமாக இல்லை என்பது தெரிந்துவிட்டது. நேற்று அடைக்கலமேரி அத்தை கடிதம் போட்டிருந்தார். ஜூலையில் உனக்கு இடது மார்பை எடுத்துவிட்டார்கள், அக்குளில் இருந்த கட்டிகளையும் சேர்த்து எடுத்தார்கள், பிறகு புற்றுநோய்க்குக் கரண்ட் வைத்தார்கள் என்று வரிசையாக எழுதிவிட்டு, "உனக்குத்தான் எல்லாம் தெரிந்திருக்குமே" என்று முடித்திருக்கிறார். எனக்கு எங்கே தெரியும்? நீ ஆகஸ்டில் எழுதியதைத் தேடி எடுத்துப் பார்த்தேன். "தோள்பட்டையில் சுளுக்கு, தைலம் தேய்க்கிறேன்" என்று இருக்கிறது. மார்பை அறுத்து எடுத்ததற்குச் சுளுக்கு என்று பெயர் வைத்தவள் நீ ஒருத்தியாகத்தான் இருப்பாய்.

ஏன் மறைத்தாய் என்பது புரியாமல் இல்லை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இரண்டு பிள்ளை தங்காமல் போய், இது மூன்றாவது. ஐந்தாம் மாதம் நடக்கிறது. கட்டிலை விட்டு இறங்காதே, ரயில் ஏறினால் நான் பொறுப்பில்லை என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். சொன்னால் நான் எழுந்து ஓடி வந்துவிடுவேன் என்று பயந்திருப்பாய். வந்திருப்பேன்தான். ஆனாலும் கோபம் கோபம்தான், அதை நீ வாங்கிக்கொள்ளத்தான் வேண்டும்.

மனோகரன் டியூட்டிக்குப் போகும்போது இதைத் தபாலில் போடுவார். இரண்டு கேள்விக்கு உண்மையான பதில் வேண்டும். வலிக்கிறதா? தூங்குகிறாயா?

உன் தங்கை,
ஃபாத்திமா


கல்மண்டபம், ராயபுரம்
16 அக்டோபர் 2001

அன்புள்ள ஃபாத்திமாவுக்கு,

மாதாவின் ஆசீரால் நீயும் வயிற்றுப் பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். அடைக்கலமேரி அத்தையிடம் சொல்லாதீர்கள் என்று கையைப் பிடித்துக் கேட்டிருந்தேன். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, வயதாகிவிட்டது.

கேட்டாய், எழுதுகிறேன். மார்பு இருந்த இடத்தில் தொட்டால் ஒன்றும் தெரியவில்லை, மரத்துப் போயிருக்கிறது. ஆனால் அக்குளிலிருந்து முழங்கை வரைக்கும் உள்பக்கம் எரிகிறது. துணி உரசினாலே எரிகிறது. கையை மேலே தூக்கினால் உள்ளே ஏதோ நரம்பைப் பிடித்து இழுப்பதுபோல் இருக்கிறது. தலை வாரிக்கொள்ள முடியவில்லை. லியோனார்ட் வாரிவிடுகிறார். துறைமுகத்தில் கப்பல் கயிறு பார்த்துப் பழகிய கை, பின்னல் போட்டால் முதுகுத்தண்டு வரைக்கும் இறுகிவிடுகிறது.

பகலில் சமாளித்துக்கொள்கிறேன். படுத்தால்தான் ஆரம்பிக்கிறது. அதனால் ஜன்னல் பக்கம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். கன்டெய்னர் லாரிகள் போய்க்கொண்டே இருக்கும், செபமாலை சொல்வேன். நேற்று இவர் எழுந்து வந்து, "இன்னாமே இது, டெய்லி குந்திகினே கீற? டாக்டர் குட்த்த மாத்திரை எங்க போச்சு?" என்று கேட்டார். தேவைப்படவில்லை என்று சொல்லிவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் ஒரு பெண் கைக்கு அப்பியாசம் சொல்லிக்கொடுத்தாள். சுவரில் விரலை ஊர்ந்து ஊர்ந்து மேலே ஏற்ற வேண்டும், கம்பைப் பிடித்துத் தூக்க வேண்டும், தோளைச் சுழற்ற வேண்டும். நான் செய்வதில்லை. செய்யச் செய்ய வலி குறையும் என்றாள். அது இப்போது குறைய வேண்டாம் ஃபாத்திமா. அதற்கு ஒரு வேலை இருக்கிறது. அதற்கு மேல் கேட்காதே.

நீ இடது பக்கமாகப் படு. புளிப்பு அதிகம் சாப்பிடாதே.

அக்கா,
ஃப்ளோரன்ஸ்


குந்தக்கல்
25 அக்டோபர் 2001

அக்கா,

மேலே கேட்காதே என்று எழுதினால் நான் கேட்காமல் விடுவேனா? உன்னோடு ஒரே பாயில் படுத்து வளர்ந்தவள் நான்.

தவசுகாலத்தில் நீ செருப்புக்குள் கூழாங்கல் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனது எனக்கு ஞாபகம் இருக்கிறது. நம் வீட்டில் பல் வலி வந்தால்கூட, "அதைச் சும்மா வீணாக்காதே, ஏதாவது வேண்டுதலுக்காக ஆண்டவரிடம் ஒப்புக்கொடு" என்றுதான் அம்மா சொல்வார். நான் கிராம்பு எண்ணெய் கேட்டு அழுவேன். நீ வாயை மூடிக்கொண்டு, செத்தும் மோட்சம் போகாமல் உத்தரிக்கிற ஆத்துமாக்களுக்காக ஒப்புக்கொடுப்பாய். வலிக்கு வேலை இருக்கிறது என்று எழுதினாயே, அந்தப் பழக்கம்தானே இது? யாருக்காக? உன் மகன் சாவியோ கப்பலில் போயிருக்கிறானே, அவனுக்காகவா? லியோனார்ட் மாமாவின் குடிக்காகவா? அவர்தான் விட்டுவிட்டார்.

இன்னொரு விஷயம். நேற்று மனோகரனும் நானும் பேசி முடிவு செய்துவிட்டோம். பிள்ளைக்கு ஞானத்தாய் நீதான். இங்கே கோவிலில் ஞானஸ்நானம் முடிகிற வரைக்கும் ஞானத்தாய்தான் பிள்ளையை ஏந்தி நிற்க வேண்டும். தலை இடது கையில், வலது கை அடியில். எங்கள் ஃபாதர் நிதானமானவர், அவசரப்பட மாட்டார். அந்தக் கையைத் தயார் பண்ணு. சுவரில் விரல் ஏறட்டும்.

ஃபாத்திமா


கல்மண்டபம்
6 நவம்பர் 2001

ஃபாத்திமா,

மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன். உன்னிடம் பொய் சொல்ல எனக்கு வரவில்லை. சுளுக்கு என்று எழுதினதே போதும்.

பிள்ளை உண்டாகியிருக்கிறது என்று நீ எழுதிய கடிதமும், எனக்குக் கட்டி இருக்கிறது என்று டாக்டர் சொன்னதும் ஒரே வாரத்தில். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது உன் கடிதத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு போனேன். ஆபரேஷன் முடிந்து மயக்கம் தெளிந்தபோது வலி தாங்க முடியவில்லை. நர்ஸ் ஊசி போட வந்தாள். அப்போதுதான் மாதாவிடம் சொன்னேன்: "இந்த வலியை எடுத்துவிடு என்று நான் கேட்க மாட்டேன். என் தங்கை பிள்ளைக்காக ஒப்புக்கொடுக்கிறேன். அது உயிரோடு பூமிக்கு வருகிற வரைக்கும் இதை என்னிடமே வைத்துக்கொள்கிறேன்." ஊசி வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டேன்.

நாலாம் மாதம் தாண்டியதும் நீ எழுதினாய், இந்தத் தடவை நின்றுவிட்டது அக்கா என்று. எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார். அன்று கை நெருப்பாக எரிந்தது, நான் சிரித்துக்கொண்டே குழம்பு வைத்தேன்.

இப்போது மாத்திரை போட்டு, அப்பியாசம் செய்து, வலியைக் குறைத்துக்கொண்டால், கொடுத்ததைத் திருப்பி எடுத்த மாதிரி ஆகும். அதற்குப் பிறகு உனக்கு ஏதாவது ஆனால் நான் எப்படி உயிரோடு இருப்பேன்? பிப்ரவரி வரைக்கும்தானே. பிள்ளை வந்துவிட்டால் வலியும் போய்விடும்.

ஞானத்தாயாக மனோகரன் தங்கை நிற்கட்டும். என் கையால் ஒரு சொம்புத் தண்ணீரைக்கூட ஏந்த முடியவில்லை. கோபப்படாதே. கோபம் உன் உடம்புக்கு ஆகாது.

ஃப்ளோரன்ஸ்


குந்தக்கல்
17 நவம்பர் 2001

அக்கா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அழுதேன். மனோகரன் பயந்து டாக்டரம்மாவைக் கூப்பிடப் போனார். வயிற்றில் ஒன்றுமில்லை, சென்னையிலிருந்து வந்த கடிதம்தான் என்று சொல்லி உட்கார வைத்தேன்.

கோபப்படாதே என்கிறாய். சரி, கோபப்படவில்லை. கேள்வி மட்டும் கேட்கிறேன். மாதாவிடம் எதை ஒப்புக்கொடுத்தாய்? வலியை. நீயே எழுதியிருக்கிறாய், வலி என்று. தூக்கத்தைக் கொடுக்கிறேன் என்றாயா? கையைக் கொடுக்கிறேன் என்றாயா? சொன்னதற்கு மேல் அள்ளி அள்ளிக் கொடுத்துக்கொண்டிருக்கிறாய். மாதா கேட்டாளா? அவளும் ஒரு பிள்ளையைக் கையில் ஏந்தினவள்தானே. ஏந்த முடியாத கையை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்?

அந்தக் கை உன்னுடையது என்று நினைக்காதே. என் பிள்ளைக்கு அதில் பங்கு இருக்கிறது. மனோகரன் தங்கை நல்லவள், ஆனால் என் பிள்ளையை அவளிடம் கொடுக்க மாட்டேன். நீ ஏந்தாவிட்டால் ஞானஸ்நானத்தையே தள்ளிப்போடுவேன். பிள்ளை பள்ளிக்கூடம் போகிற வயதில் தானே நடந்து வந்து தலையைக் குனிந்து தண்ணீர் வாங்கிக்கொள்ளட்டும். ஊர் சிரிக்கும், சிரிக்கட்டும்.

உனக்கு ஒப்புக்கொடுக்க வலிதானே வேண்டும்? இறுகிப்போன தோளைச் சுவரில் ஏற்றிப் பார். அதில் வலி இல்லையா? நாற்காலியில் உட்கார்ந்து வாங்குகிற வலியைவிட அது ஒன்றும் மட்டமானது இல்லை. அதைக் கொடு. கையும் மிஞ்சும்.

முடியாது என்று பதில் எழுதாதே.

ஃபாத்திமா


கல்மண்டபம்
20 டிசம்பர் 2001

அன்புள்ள ஃபாத்திமாவுக்கு,

பதில் எழுதத் தாமதம். எழுதுவதற்கு முன்னால் செய்து பார்க்க வேண்டும் என்று இருந்தேன்.

அடுத்த சந்தில் சபீஹா என்று ஒருத்தி, துணி தைத்துக் கொடுப்பவள். எனக்கு நடந்தது அவளுக்கு நாலு வருஷம் முன்னால் நடந்தது. ரவிக்கை தைக்கப் போனபோது அளவெடுத்தவள் ஒன்றும் கேட்காமல் இடது பக்கம் பஞ்சு வைத்துத் தைக்கட்டுமா என்றாள். அப்படித்தான் பழக்கமானோம். உன் கடிதம் வந்த அன்று அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தையல் மிஷினை நிறுத்திவிட்டு, "இன்னா ஃப்ளோரன்சு, கைய தொட்டில் கட்டி தொங்கவுட்டுகினு கீற. இப்டியே வுட்டா அப்பால அது உன் பேச்ச கேக்காது. எனுக்கும் ரெண்டு மாசம் நரகமாத்தான் இருந்துச்சு. நாளைக்கி காலீல வா, நடந்துட்டு வரலாம்" என்றாள்.

இப்போது தினமும் பூசைக்குப் பிறகு இரண்டு பேரும் காசிமேடு பக்கம் நடக்கிறோம். மீன் ஏலம் விடுகிற சத்தத்தில் நாங்கள் பேசுவது எங்களுக்கே கேட்காது. வந்ததும் சமையலறைச் சுவர். முதல் நாள் விரல் தோளுக்கு மேலே போகவில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நீ சொன்னது நிஜம், ஒப்புக்கொடுக்க அதில் தாராளமாக வலி இருக்கிறது.

உன் மாமா இதில் நுழைந்து ஒரே கூத்து. கிரேனுக்குச் சைகை காட்டுகிற மாதிரி பின்னால் நின்றுகொண்டு, கை ஏறும்போது "ஹபீஸ், ஹபீஸ்" என்கிறார், இறங்கும்போது "ஆரியா, மெதுவா ஆரியா" என்கிறார். துறைமுகத்தில் தூக்கு, இறக்கு என்பதற்கு அவர்கள் சொல்கிற வார்த்தை. "லோடு கவுந்துரப் போவுது, பாத்துமே" என்று வேறு. ஒருநாள் எனக்கே சிரிப்பு வந்து கை நழுவிவிட்டது.

டாக்டரிடம் போனேன். அக்குளில் அறுக்கும்போது ஒரு நரம்பு பட்டிருக்கும், எரிச்சல் அதனால்தான் என்றார். அப்பியாசம் செய்தால் தோள் இளகும், நடந்தால் தூக்கம் வரும், ஆனால் எரிச்சல் முழுக்கப் போகும் என்று என்னால் சொல்ல முடியாது, குறைய வைக்கலாம் என்றார். இரவு மாத்திரையை மறுபடி எழுதிக் கொடுத்தார்.

அதைப் போடலாமா வேண்டாமா என்று ஒரு வாரம் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். போன வெள்ளிக்கிழமை போட்டேன். படுத்ததுதான் தெரியும். கண் விழித்தால் விடிந்து, கோவில் மணி அடித்துக்கொண்டிருக்கிறது. இரவு முழுக்க வலியைக் கொடுக்கவில்லையே, உனக்கு ஏதாவது ஆகியிருக்குமோ என்று தோன்றிவிட்டது. ஓடிப் போய் எஸ்டிடி பூத்தில் நின்று உன் பக்கத்து வீட்டுக்குப் போன் போட்டேன். நீ தோசை சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாய் என்று சொன்னார்கள். எந்தச் சட்னி என்று கேட்டேனாம். அந்தம்மா என்ன நினைத்தார்களோ.

ஃப்ளோரன்ஸ்


குந்தக்கல்
4 ஜனவரி 2002

அக்கா,

கடலைச் சட்னி. பக்கத்து வீட்டுக்காரம்மா இன்னும் அதையே சொல்லிச் சிரிக்கிறார். "மீ அக்ககு ஏமைந்தி", உன் அக்காவுக்கு என்ன ஆச்சு என்று தெலுங்கில் கேட்டார். என் அக்காவுக்குத் தூக்கம் வந்துவிட்டது, அதனால் பயந்துவிட்டாள் என்று சொன்னேன். அவருக்குப் புரியவில்லை.

சிரிப்பை விடு. ஒன்று எழுத வேண்டும், அதை எழுதத் தைரியம் வருவதற்காகவே இவ்வளவு நாள் இருந்தேன். எட்டாம் மாதம் நடக்கிறது. எல்லாம் நன்றாக இருக்கிறது என்கிறார்கள். நானும் தூங்குவதில்லை அக்கா. பிள்ளை உதைக்காவிட்டால் பயம், உதைத்தால் ஏன் இப்படி உதைக்கிறது என்று பயம். முதல் இரண்டு தடவையும் நான் என்ன தப்பு செய்தேன் என்று எத்தனை வருஷம் யோசித்திருக்கிறேன் தெரியுமா? வாளி தூக்கினேனா, படி ஏறினேனா, யாரையாவது திட்டினேனா? ஒன்றுமில்லை. அது தங்கவில்லை, அவ்வளவுதான். இதைப் புரிந்துகொள்ள எனக்கு நாள் பிடித்தது.

அதனால் சொல்கிறேன். இந்தப் பிள்ளை நல்லபடியாக வந்தால் மாதாவுக்கு நன்றி சொல்வோம். வராமல் போனால், அன்றைக்கு நீ தூங்கினதால் என்று நினைக்கக் கூடாது. நீ அப்படி நினைப்பாய் என்கிற பயம்தான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிய பயமாக இருக்கிறது. ஒரு பிள்ளையையும் இழந்து, அக்காவையும் இழக்க என்னால் முடியாது. மாத்திரையைப் போட்டுக்கொண்டு தூங்கு. எனக்காகத் தூங்கு.

ஃபாத்திமா


கல்மண்டபம்
3 மார்ச் 2002

என் செல்லத் தங்கைக்கு,

தந்தி வந்த அன்று உன் மாமா தெரு முழுக்க ஆரஞ்சு மிட்டாய் கொடுத்தார். பெண் பிள்ளை, தாயும் சேயும் நலம் என்ற வரியைச் சபீஹா பிடுங்கிப் படித்துவிட்டு, என்னைக் கட்டிப் பிடித்து அழுதாள். உன்னை அவள் பார்த்ததுகூட இல்லை. கோவிலுக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றினேன். மாதாவிடம், "முடிந்தது தாயே, வந்துவிட்டாள்" என்று சொன்னேன்.

அதற்குப் பிறகு நடந்ததை உன்னிடம் மட்டும் சொல்கிறேன். அன்றைக்கு மாத்திரை போடாமல் படுத்துக் காத்திருந்தேன். பிள்ளை வந்தால் வலி போய்விடும் என்றுதானே இத்தனை மாதமும் இருந்தேன். பிள்ளை வந்துவிட்டால் மாதா வலியை எடுத்துக்கொள்ள வேண்டும் அல்லவா? எடுக்கவில்லை ஃபாத்திமா. மறுநாளும் எரிந்தது. நேற்றும் எரிந்தது. முன்னைக்குக் குறைச்சல்தான், கை காதுக்கு மேலே ஏறுகிறது, நானே தலை வாருகிறேன். ஆனால் எரிகிறது.

இத்தனை நாள் வலிக்கும்போதெல்லாம் இது அந்தப் பிள்ளைக்கு என்று சொல்லிக்கொள்வேன், தாங்க முடிந்தது. இப்போது வலித்தால் யாருக்கு என்று சொல்வது? சும்மா வலிக்கிறது. எனக்கு மட்டும் வலிக்கிறது. ஒரு பிரயோஜனமும் இல்லாமல் வலிக்கிற வலியை என்ன செய்வது என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. வெட்கமாக இருக்கிறது. தங்கைக்குப் பிள்ளை பிறந்த சந்தோஷத்தில் அழுகிறேன் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அரிசியைத் துணிப்பையில் கட்டி இடது கையில் ஏந்தி நின்று பார்க்கிறேன். கொஞ்ச நேரம் நிற்கிறது, பிறகு எரிச்சல் பிடித்துக் கை ஆடுகிறது. பாதிப் பூசையில் பிள்ளையைப் போட்டுவிட்டால்? வேறு ஆளைப் பார் ஃபாத்திமா. நான் ஓரமாக நின்று செபம் சொல்கிறேன்.

ஃப்ளோரன்ஸ்


குந்தக்கல்
11 மார்ச் 2002

அக்கா,

வேறு ஆள் கிடையாது. ஏப்ரல் ஏழாம் தேதி ஞாயிறு, இரண்டாம் பூசை. மாமாவுக்கும் உனக்கும் டிக்கெட் மனோகரன் எடுத்துவிட்டார். அரிசிப்பை வலித்தால் என்ன செய்கிறாய்? கீழே வைக்கிறாய் அல்லவா? இதற்கும் அப்படித்தான். கோவிலில் நான் உன் பக்கத்தில்தான் நிற்பேன்.

மற்றதை நேரில் பேசுவோம்.

ஃபாத்திமா


குந்தக்கல்
14 ஏப்ரல் 2002

அக்கா,

நீங்கள் போன பிறகு வீடு வெறிச்சென்று இருக்கிறது. உன் ஞானமகள் பகலெல்லாம் தூங்கிவிட்டு ராத்திரி கொட்டக் கொட்ட விழித்துக்கொள்கிறாள். இந்த விஷயத்தில் உன்னையே உரித்துவைத்திருக்கிறாள் என்று மனோகரன் சொல்கிறார்.

ரயிலில் ஏற்றிவிடும்போது உன் முகம் வாடியிருந்தது. கடைசி வரைக்கும் ஏந்த முடியவில்லையே என்று மாமாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாய். அதற்காகத்தான் உடனே எழுதுகிறேன், நான் பார்த்ததை நீ பார்க்கவில்லை.

எண்ணெய் பூசுகிற வரைக்கும் உன் கை அசையவில்லை. தண்ணீர் ஊற்றி முடித்ததும் உன் முழங்கை நடுங்க ஆரம்பித்ததைப் பார்த்தேன். நான் கையை நீட்டவில்லை. வேண்டுமென்றேதான் நீட்டவில்லை. நீ பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பாய், உத்தரிக்கிற ஆத்துமாக்களுக்கு ஒப்புக்கொடுப்பாய், அதற்குப் பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றேன். நீ என்ன செய்தாய்? ஃபாதர் செபம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, கோவில் முழுக்கக் கேட்கிற மாதிரி, "ஃபாத்திமா, கை வலிக்குதுடி, புள்ளைய வாங்கிக்கோ" என்றாய்.

ஃபாதர் நிறுத்திவிட்டார். எல்லோரும் திரும்பினார்கள். உனக்கு அவமானமாகப் போய்விட்டது, முகத்தை முந்தானையில் மூடிக்கொண்டாய். எனக்கோ பிள்ளையை வாங்கிக்கொண்டதும் அப்படி ஒரு அழுகை. அக்கா, உனக்கு நாற்பத்தாறு வயதாகிறது, இப்போதுதான் முதல் தடவையாக உன் வாயிலிருந்து வலிக்கிறது என்று கேட்டேன். அதை என்னிடம் சொன்னாய்.

அவள் அழவே இல்லை, கவனித்தாயா? உன் கையிலிருந்து என் கைக்கு வந்தவள், தூங்கிக்கொண்டே வந்தாள்.

ஃபாத்திமா


கல்மண்டபம்
23 ஏப்ரல் 2002

ஃபாத்திமா,

உன் கடிதத்தை உன் மாமா சத்தமாகப் படித்துக் காட்டினார். பாதியில் அவரால் படிக்க முடியவில்லை, சபீஹாதான் மீதியைப் படித்தாள்.

நேற்று படுத்த பிறகு எரிச்சல் ஆரம்பித்தது. வழக்கம்போல் எழுந்து ஜன்னல் பக்கம் போகப் பார்த்தேன். பிறகு அவரை எழுப்பி, வலிக்கிறது என்று சொன்னேன். அவர் திருதிருவென்று விழித்தார். "இன்னா பண்ணணும் சொல்லுமே" என்றார். ஒன்றும் வேண்டாம், சும்மா சொன்னேன் என்றேன். தலையணையை என் கைக்கு அடியில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். கொஞ்ச நேரத்தில் அவர் உட்கார்ந்தபடியே குறட்டை விட்டார். வலி இருந்தது. அவர் குறட்டையைக் கேட்டுக்கொண்டே நானும் தூங்கிப் போனேன்.

அக்கா,
ஃப்ளோரன்ஸ்